மக்ரூமில் நாலரை மணி நேரம்

அபயாம்பாள் மாமிக்கு ஃப்ரீவேயில் கார் ஓட்ட வராது. டெக்சஸில், அதுவும் பேர்லேண்ட் மாதிரி ஊரில் இருந்துகொண்டு ஃப்ரீவே ஓட்டமாட்டேன் என்பது காலை ஒடித்துக்கொண்டு வீட்டில் உட்காருவதற்குச் சமம். மீனாட்சி கோயிலுக்கும் கடைக்கும் உள்தெரு வழியாக ஊர்ந்து ஊர்ந்து போய்விடுவார். இருநூற்று எண்பத்தெட்டாம் நம்பர் ஃப்ரீவேயின் பெயரைச் சொன்னாலே காதைப் பொத்திக்கொள்வார். நாங்கள் இருவரும் ஹூஸ்டனில் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். மாமி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், நான் பில்லிங்கில். அதனால் தொண்ணூற்று நாலாம் வருஷத்திலிருந்து என் கார்தான் மாமிக்கும் கார்.

காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம் மாமி பேசிக்கொண்டே வருவார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு பேச்சு. மாயவரத்துக் கடைத்தெரு, லேபில் யார் யாரோடு சண்டை, எந்தக் கடையில் வெண்டைக்காய் முற்றல், எல்லாம் வரும். சில நாள் எனக்குத் தலையை வலிக்கும். டேகேரில் குழந்தையை அழ அழ விட்டுவிட்டு வந்திருப்பேன், வீட்டுக்காரர் ஜெயபிரகாஷோடு காலையிலேயே ஒரு ரவுண்டு சண்டை முடிந்திருக்கும், பக்கத்தில் இவர் வெண்டைக்காயை ஒடித்துக்கொண்டிருப்பார். "மாமி, கொஞ்சம் ரேடியோ கேக்கலாமா?" என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன். மாமி கோபித்துக்கொள்ள மாட்டார். இரண்டு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்.

அவருக்கு ஒரு நாளைக்கு மொத்தப் பேச்சே அந்த ஒன்றரை மணி நேரம்தான் என்பது எனக்கு நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. மரமண்டை நான்.

மாமியின் வீட்டுக்காரர் பத்மநாபன். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் குழாய் டிசைன் செய்தவர், தொண்ணூற்றேழில் சீக்கிரமே ரிடையர் ஆகிவிட்டார். குடி கிடையாது, கோபம் கிடையாது, யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கடியாத வார்த்தையும் பேசியதில்லை என்பதுதான் சங்கடம். கல்லுளிமங்கன் என்று எங்கள் திருப்பூர்ப் பக்கம் சொல்வார்களே, அந்த ரகம். கோயிலில் பார்த்தால் என்னிடம் கார் டயரைப் பற்றிக் கேட்பார். அதோடு சரி.

மகன் மாதவ் வீட்டில் இருந்தவரை இது தெரியவில்லை. "அப்பாவை லைட் பில் கட்டியாச்சான்னு கேளு." "அம்மாகிட்ட நாளைக்கு டென்டிஸ்ட்னு சொல்லு." பையன் இந்தப் பக்கத்துத் தமிழை வாங்கி அந்தப் பக்கம் இங்கிலீஷில் கொடுப்பான். படிப்பு முடிந்து அவன் கலிபோர்னியாவில் சான் ரமோனுக்கு வேலைக்குப் போனதும் தபாலாபீஸை மூடினாற்போல் ஆகிவிட்டது. சண்டையா, ஒன்றும் கிடையாது. பேசுவதற்கு ஆள் வழியாகப் பேசிப் பழகியவர்களுக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் சாப்பாட்டு மேஜையில் தட்டுச் சத்தம் மட்டும்தான் என்று மாமி ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

தொண்ணூற்றெட்டு மே மாதம் ஒருநாள் காரில் ஏறியதும், "ஸ்வர்ணா, நாங்க அயர்லாந்து போறோம் போலிருக்குடி" என்றார்.

"போலிருக்குன்னா?"

"ஃப்ரிட்ஜ் கதவுல டிக்கெட்டை ஒட்டியிருக்கார். என் பேரும் இருக்கு."

மாமாவோடு இருபது வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவர் கார்க் என்ற ஊர்க்காரராம். கார்க்கைப் போல ஒரு நகரம் உலகத்திலேயே கிடையாது என்று இருபது வருஷமும் அளந்திருக்கிறார். மாமா அதைக் கேட்டுக் கேட்டு மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, ரிடையர் ஆனதும் ஒரு வருஷம் லைப்ரரியில் வரைபடம் பார்த்து, வீட்டில் மூச்சு விடாமல், அடுப்பும் படுக்கையும் வைத்த மோட்டார்ஹோம் வரைக்கும் வாடகைக்குப் பிடித்துவிட்டார். மோட்டார்ஹோம் அவர்களுக்குப் புதிதில்லை. மாதவ் சின்னவனாக இருந்தபோது டெக்சஸ் முழுக்க அதில்தான் சுற்றியிருக்கிறார்கள். ஹோட்டலில் கை நனைக்காத குடும்பம். போகிற இடத்தில் அடுப்பைப் பற்றவைத்து ரசம் வைத்தாக வேண்டும்.

"வாயைத் திறந்து போலாமான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன்.

"போடி, இத்தனையாவது செஞ்சாரே" என்றார் மாமி. முகத்தில் அத்தனை சந்தோஷம். அந்த வாரம் முழுக்க என் காரில் புளிக்காய்ச்சல் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் பேச்சு. "ரெண்டே பேர், ஒரு பெட்டி மாதிரி வண்டி, பன்னிரண்டு நாள். பேசாம எங்கே போவார், பாத்துடறேன்" என்றார். அந்த ஆசையை மனசில் வைத்துக்கொண்டுதான் ஏறினார் என்பதை நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜூன் பதினெட்டாம் தேதி திரும்பி வந்தார்கள். மறுநாள் காலை மாமி காரில் ஏறியதும் வழக்கம்போல ஆரம்பிப்பார் என்று பார்த்தால், ஒன்றும் வரவில்லை. மூன்று நாள் நானாகக் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன்.

ஷானன் விமான நிலையத்தில் இறங்கி வண்டியை எடுத்துக்கொண்டு கார்க் நகரத்துக்கு வெளியே ஒரு முகாமில் நிறுத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்குள். ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவில் ஊரைத் தீவு மாதிரி வைத்திருக்கிறதாம். எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு பாலம், பாலத்தைத் தாண்டினால் ஒரு மேடு. மேட்டின்மேல் ஒரு தேவாலயம், மணிகளை நாமே கயிறு இழுத்து அடிக்கலாம். மாமா அடித்திருக்கிறார். "ஊருக்கே கேக்கற மாதிரி மணி அடிச்சார்டி. எங்கிட்ட நன்னா இருந்துதான்னு கேக்கலை" என்றார் மாமி. பெரிய சந்தை ஒன்றுக்குள் போய், பன்றிக் காலும் மீனும் தொங்குவதைப் பார்த்து மூக்கைப் புடவையால் பொத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். ஒரு மூலையில் மட்டும் நல்ல தக்காளி கிடைத்ததாம்.

மூன்றாம் நாள் பக்கத்தில் பிளார்னி கோட்டை. அங்கே உச்சியில் ஒரு கல். மல்லாக்கப் படுத்து, தலையைக் கீழே தொங்கவிட்டு அதற்கு முத்தம் கொடுத்தால் பேச்சுத் திறமை வரும் என்று சனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் சிரித்துவிட்டேன். "மாமாவைத் தூக்கிப் போட்டிருக்கலாமே மாமி!"

"நானும் ஆசையாத்தான் பாத்தேன். வரிசையில நின்னார். கிட்டக்கப் போனதும் திரும்பி வந்துட்டார். இத்தனை பேர் எச்சில்ங்கறார்." அந்தப் பயணத்தில் மாமா தாமாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதானாம்.

நகரத்தை விட்டுக் கிராமப்புறம் போனதும் சாலை குறுகிவிட்டது. இரண்டு பக்கமும் வேலிச்செடி, நடுவே ஒரு வண்டிக்கே இடமில்லை. வலது பக்கம் உட்கார்ந்து இடது பக்கம் ஓட்டும் மாமாவுக்குக் கண்ணை எடுக்க நேரமில்லை. மாமிக்கு வளைவில் தலை சுற்றி வயிற்றைப் புரட்டும். அதனால் பின்னால் இருந்த படுக்கையில் படுத்துக்கொள்வார். வெளிச்சம் கண்ணில் அடிக்காமலிருக்க நடுவில் ஒரு திரை. அவர் முன்னால், இவர் பின்னால். மலைக்கு நடுவே ஒரு ஏரி, ஏரிக்குள் நம் பிள்ளையார் கோயில் அளவுக்கு ஒரு சின்ன தேவாலயம். அதைப் பார்த்து இறங்கினார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் நடந்தார்கள், ஏறினார்கள். இரவு பத்து மணி வரை வெளிச்சம் போகவில்லை. பத்து மணி வரை இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "பேர்லேண்ட்லயாவது டிவி சத்தம் இருக்கும்" என்றார் மாமி.

ஆறாம் நாள் காலை பதினொன்றரைக்கு மக்ரூம் என்ற ஊருக்கு வெளியே டீசல் போட நிறுத்தியிருக்கிறார் மாமா. மாமி பின்கதவு வழியாக இறங்கி, கடைக்குப் பின்னால் இருந்த டாய்லெட்டுக்குப் போனார். சொல்லவில்லை. நடு ரோட்டில் நின்று புருஷனிடம் போய் இதைச் சொல்வார்களா, அந்தக் காலத்து மனுஷி! மாமா அவர் இறங்கியதைப் பார்க்கவில்லை, கிளம்பும்போது பின்னால் ஒரு குரல் கொடுக்கவும் இல்லை. திரை மூடியிருந்தது. பணத்தைக் கொடுத்தார், வண்டியை எடுத்தார், போயே போய்விட்டார்.

மாமி வெளியே வந்து பார்த்தால் எண்ணெய்க் கறையும் சாலையும்தான். நூல்புடவை, மேலே மாதவின் பழைய ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ. கையில் பை இல்லை, பாஸ்போர்ட் இல்லை, கண்ணாடிகூட இல்லை. "முதல்ல சிரிப்புதான் வந்துதுடி. அஞ்சு நிமிஷத்துல வந்துடுவார்னு நின்னேன். பத்து நிமிஷம். அரை மணி. கடைக்காரி நாற்காலி போட்டா. ஒவ்வொரு வெள்ளை வண்டிக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். ஒரு மணி ஆச்சு. அப்போதான் உறைச்சுது. நான் இல்லைங்கறது அவருக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் இப்படித்தானே இருப்பேன்."

இதைச் சொன்னபோது மாமி அழவில்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேனை மாற்றினேன்.

கடைக்காரி போலீசுக்குப் போன் செய்து, "புருஷன் பேரென்ன?" என்று கேட்டிருக்கிறாள். மாமி பேனாவை வாங்கித் தாளில் எழுதிக் காட்டினார். அந்த நிலைமையிலும் வாயால் சொல்லவில்லை, பாருங்கள். வேறு யாரையாவது கூப்பிட வேண்டுமா என்று அவள் போனைத் தள்ளினாள். மாதவின் நம்பர் வண்டியில் டைரியில். என் நம்பரும் அதே டைரியில். மாமிக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் பேர்லேண்ட் வீட்டு நம்பர். அங்கே யார் இருக்கிறார்கள்? ஆனாலும் அதைத்தான் சொன்னார்.

செய்தி பதியும் மெஷின்தான் எடுத்தது. வீட்டில் ஆள் இல்லை, செய்தியைச் சொல்லுங்கள் என்று மாமாவின் குரல். மாமா குரலைப் பதிந்தது அந்த மெஷின் வாங்கிய வருஷம். தெளிவாக, நிதானமாக, சொல்லுங்கள் என்கிறார். மாமி சொன்னார்.

"ஏன்னா, நான் மக்ரூம்ல பெட்ரோல் பங்க்ல நிக்கறேன். என்னை விட்டுட்டுப் போயிட்டேள்னு ஆரம்பிச்சேன். அதோட வெச்சிருக்கணும். வெக்கலை ஸ்வர்ணா. போன வருஷம் மார்ல ஒரு கட்டி வந்துது, லீவு போட்டுட்டு நானே போய் பயாப்சி பண்ணிண்டேன், ஒண்ணுமில்லைன்னு வந்துடுத்து, அந்தப் பத்து நாள் ராத்திரி நீங்க பக்கத்துல குறட்டை விட்டுண்டிருந்தேள், எழுப்பலாமான்னு கையைக் கிட்ட கொண்டுபோய்ட்டு எடுத்துண்டேன். எல்லாம் சொல்லிட்டேன். என்னை உங்களுக்குப் பிடிக்கலையான்னு கேட்டேன். இல்லே, நான் இருக்கறதே மறந்துபோச்சான்னு கேட்டேன். கடைக்காரிக்குத் தமிழ் தெரியாது. அவ எனக்கு டீ போட்டுக் குடுத்துட்டு அந்தண்டை போயிட்டா."

எனக்கு ஸ்டியரிங் வழுக்கியது. பயாப்சி அன்றைக்கு மாமியை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டவள் நான்தான். பக்கத்துக் கட்டடத்தில் மீட்டிங் என்றார். நான் அன்றைக்கு ரேடியோ கேட்டுக்கொண்டு வந்தேன்.

நாலு மணிக்கு மாமா திரும்பி வந்திருக்கிறார். வண்டியின் இடது பக்கக் கண்ணாடி எங்கோ சுவரில் உரசி உடைந்து தொங்குகிறது. இறங்கி வந்து எதிரில் நின்றார். "பன்னண்டரைக்குச் சாப்பிடலாமான்னு கேட்டேன். பதில் இல்லை. நீ கோவமா இருக்கியோன்னு நெனச்சேன்" என்றார்.

அதற்கப்புறமும் ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கிறார். கில்லார்னி ஏரிக்கரையில் நிறுத்தி, தயிர்சாதம் எடுத்துச் சாப்பிட்டு, மாமியின் பங்கைத் தட்டு போட்டு மூடி வைத்து, அதை எடுத்துக்கொண்டு போய்த்தான் திரையை விலக்கியிருக்கிறார்.

"சாப்பிட்டுட்டா! நான் மட்டும் அங்க இருந்திருந்தா மாமி..." எனக்கு வந்த கோபத்தில் ஹார்னை அடித்துவிட்டேன். முன்னால் போனவன் திரும்பிக் கை காட்டினான்.

"மூடி வெச்சிருந்தார்டி. ஊறுகாய் ஓரமா வெச்சு" என்றார் மாமி. அந்தத் தட்டை அங்கேயே நின்று சாப்பிட்டாராம்.

மீதி ஆறு நாள் மாமி முன் இருக்கையில்தான் உட்கார்ந்தார். தலை சுற்றினாலும் பரவாயில்லை என்று. மாமா ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பித் திரும்பிப் பார்த்தார், ஆனால் பேசவில்லை. கலர் கலராக வீடுகள் அடுக்கிய துறைமுகம் பார்த்தார்கள். அங்கிருந்துதான் அந்தக் காலத்து ஐரிஷ்காரர்கள் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனார்களாம். மாமிக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. வீட்டில் மெஷினில் இருக்கிறதே, அதை மாமா கேட்பாரா? கேட்டால் என்ன சொல்வார்? ஒரு நிமிஷம் கேட்டுவிடட்டும் என்று இருக்கும், மறு நிமிஷம் வீட்டுக்குள் முதலில் ஓடிப்போய் அழித்துவிட வேண்டும் என்று இருக்கும். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் மாமி அவரிடம் கேட்ட ஒரே கேள்வி அந்த டேப்பில் இருந்தது.

அழிக்கவில்லை. பேர்லேண்ட் வீட்டுக் கதவைத் திறந்ததும் மாமா வழக்கம்போலப் பெட்டியை வைத்துவிட்டு மெஷினை அமுக்கினார். அவர் தம்பி, டென்டிஸ்ட் ஆபீஸ், மாதவ். பிறகு மாமி. மாமி சமையலறையில் கழுவின டம்ளரையே கழுவிக்கொண்டு நின்றார். மாமா ஷூவைக்கூடக் கழற்றாமல் கடைசி வரை கேட்டார். பிறகு வெளியே போய் அந்த ஜூன் மாத உச்சி வெயிலில் புல் வெட்டினார். முன்பக்கம் வெட்டி, பின்பக்கம் வெட்டி, மறுபடி முன்பக்கம் வெட்டினார்.

"ஒண்ணுமே சொல்லலியா?"

"சொல்லலை. ஆனா அழிக்கவும் இல்லைடி. மறுநா நான் குளிக்கும்போது மறுபடி போட்டுக் கேட்டார். என் குரல் எனக்கே கேட்டுது. தினம் கேக்கறார். எதிர்ல நான் உட்கார்ந்திருக்கேன், என்னைப் பாத்துக் கேக்கக் கூடாதா?"

அடுத்த வாரத்திலிருந்து மத்தியான வேளையில் மாமி கேன்டீன் பக்கத்துப் பொதுத் தொலைபேசியில் நிற்பதைப் பார்த்தேன். வீட்டுக்குத்தான். மாமா வீட்டில் இருக்கிறார், ஆனால் போனை எடுக்க மாட்டார், அது அவர் வழக்கம். மெஷின் எடுக்கும். மாமி இரண்டு நிமிஷம் பேசுவார். லாண்டரி அறை பல்பு போய்விட்டது என்பார், மாதவுக்குப் பெண் பார்க்க வேண்டாமா என்பார், லேபில் நடந்ததைச் சொல்வார். சாயங்காலம் போனால் பல்பு மாற்றியிருக்கும். மேஜையில் மாதவின் ஜாதகம் இருக்கும். காரில் மாமியின் பேச்சு குறைந்துவிட்டது. நான் கேட்ட ரேடியோ எனக்கே பிடிக்காமல் போயிற்று.

ஜூலை கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாமி காரில் ஏறி, சீட் பெல்ட் போடாமலே உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு மாமி?"

"இன்னிக்கு அவர் எடுத்துட்டார்."

"போனையா? என்ன சொன்னார்?"

"தொண்டையைக் கனைச்சுண்டு, 'சொல்லு'ன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெச்சுட்டேன்" என்றார் மாமி. "எடுப்பார்னு நான் நெனக்கலையே ஸ்வர்ணா. நேர்ல குரலைக் கேட்டதும் ஒரு வார்த்தை வரலை."

யாரைத் திட்டுவது?

அன்றைக்கு வீட்டு முன் நிறுத்தினபோது மாமா வாசலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். நாலு வருஷத்தில் அவர் அப்படி வந்து நின்று நான் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். மாமி இறங்கி, கார் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். மாமா மாமியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சொல்லிவிடுங்கள், ஏதாவது ஒன்று சொல்லித் தொலையுங்கள் என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்திருந்தேன்.

"ஸ்வர்ணா," என்றார் என் பக்கம் குனிந்து, "உன் லெஃப்ட் டயர்ல காத்து கம்மியா இருக்கு. பாத்துக்கோ."

மாமி உள்ளே போனார். அவர் பின்னாலேயே மாமாவும் போனார். கதவு சாத்திக்கொண்டது.

நான் மூலையில் இருந்த கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தி, குனிந்து அமுக்கிப் பார்த்தேன். டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது.